பச்சைக் கோட்டுக்கு என்ன நோவு?

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், அந்தப் பெயரில் என்ன குறை இருக்கிறது என்று எங்கிருந்தாவது வந்து அவரே சொல்லிவிடுவார். என் கடையில் வேலை பார்த்தவர் அவர். நான் முதலாளி. இந்த இரண்டு வாக்கியங்களில் இரண்டாவதை நாமக்கல்லில் யாரும் நம்பியதில்லை.

கடை அப்போது திருச்செங்கோடு ரோட்டில் இருந்தது. டிரில்லிங் மெஷின், கட்டிங் மெஷின், டைல்ஸ் வெட்டும் பிளேடு, கொத்தனார் கரண்டி என்று கட்டட வேலைக்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் விற்றேன். விற்றேன் என்று சொல்வதைவிட அடுக்கி வைத்திருந்தேன் என்று சொன்னால் பொய்யில்லாமல் இருக்கும். ஒரு மத்தியான வேளையில், பரமத்தி வேலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அவர் உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடநாடெல்லாம் சுற்றி அலுத்துப்போய் ஊர் திரும்பியவர்.

“வேலை கேட்டு வந்திருக்கேனுங்க. மொதல்ல என் நோவச் சொல்லிப்புடறேன். முதுகு புடிச்சுக்கும், கனமா எதையும் தூக்க மாட்டேன். பஸ்ஸு லேட்டுன்னா நானும் லேட்டு. மத்தியானம் சோறு உண்டா செத்த நேரம் கண்ணு சொக்கும். அப்பறம், எனக்குப் பொய் சொல்ல வராதுங்க.”

கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் தகுதி என்று எடுத்துக்கொண்டேன். என் வியாபார அறிவுக்கு அந்த ஒன்றே போதும்.

எங்கள் பக்கத்தில் உடம்புக்கு வருவதைத்தான் நோவு என்போம். அவருக்கு உலகத்தில் இருக்கிற எல்லாவற்றுக்கும் நோவு உண்டு. பஸ்ஸுக்கு, மழைக்கு, மந்திரிக்கு, மெஷினுக்கு. ஒரு பொருளை யாராவது கையில் எடுத்தால் போதும், “நல்லத நீங்களே பாத்துக்குவீங்க, இதுக்கு என்ன நோவுன்னு நான் சொல்லிடறேன்” என்று ஆரம்பித்துவிடுவார். குரலில் குத்தல் இருக்காது. வைத்தியர் நாடி பார்த்துவிட்டுச் சொல்வதுபோல ஒரு பரிவோடு சொல்வார். அந்தப் பரிவுதான் என் கழுத்தை அறுத்தது.

பரமத்தி வேலூரிலிருந்து எனக்கு வாழைப்பழம் கொண்டுவருவார். சீப்பை மேஜையில் வைக்கும்போதே, “ஒரு பக்கம் அடிபட்டிருக்குதுங்க. இந்தப் பக்கம் ரெண்டு பழம் உள்ளே கல்லாட்டம் இருக்கும்” என்பார். தீபாவளிக்கு என் மனைவி எடுத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். யாரும் கேட்காமல் நானாகத் தேடிப் போனது அது. சுற்றி வந்து பார்த்தார்.

“சட்டைக்கு நோவு ஒண்ணுமில்லீங்க. உள்ள இருக்கற வவுறுதான் பட்டனப் புடிச்சு இழுக்குது.”

வீட்டில் வந்து சொன்னேன். “உங்க கடையில உண்மை பேசறது அவரு ஒருத்தருதான், அவரையும் தொரத்திப்புடாதீங்க” என்றாள் மனைவி.

இப்படி ஓடிக்கொண்டிருந்த கடைக்குள்தான் லேசர் வந்தது. லைன் லேசர் என்பது ஒரு கையடக்கப் பெட்டி. தரையில் வைத்தால் தானே சமன் பார்த்துக்கொண்டு சுவரில் குறுக்கே ஒரு கோடும் நெடுக்கே ஒரு கோடும் போடும். ரசமட்டத்தையும் தண்ணீர் டியூப்பையும் வைத்து இரண்டு ஆட்கள் ஆளுக்கொரு மூலையில் நின்று கத்திக்கொண்டு செய்த வேலையை அது சத்தமில்லாமல் செய்யும். கோடு சிவப்பிலும் வரும், பச்சையிலும் வரும். பச்சை நம் கண்ணுக்குப் பளிச்சென்று படும், விலையும் கூட. சேலத்திலிருந்து வந்த ஏஜென்ட் ஒருவர், “இனிமேல் எல்லாம் பச்சைதான் சார், சிவப்பை எவனும் சீந்த மாட்டான்” என்றார். முகத்துக்கு நேராக ஒருவருக்கு இல்லை என்று சொல்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. விளைவு, கடைக்குப் பின்னால் இருந்த அறை கூரை வரைக்கும் பச்சை லேசர். சிவப்பு, பேருக்கு ஒரு தட்டு.

விற்பதற்கு ஒரு வித்தை வைத்திருந்தேன். வாடிக்கையாளர் வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டியூப் லைட்டை அணைத்துவிட்டு, சிவப்பையும் பச்சையையும் பக்கத்துப் பக்கத்தில் எரியவிடுவேன். இருட்டில் பச்சைக் கோடு சுவரில் விழும்போது கோயில் கர்ப்பகிரகத்தில் தீபாராதனை பார்த்தவர்போல நிற்பார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்ட ஒருவரைக்கூட நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்து என் ஆள் ஷட்டரை ஏற்றுவார்.

“செத்த வெளிய வாங்க. இருட்டுல எல்லாமே அழகாத்தான் இருக்கும்.”

எதிரே ஒரு கல்யாண மண்டபத்தின் வெள்ளைக் காம்பவுண்ட் சுவர். லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்து அங்கே கூட்டிப்போவார். உச்சி வெயிலில், சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி இரண்டு லேசரையும் வைப்பார். சிவப்புக் கோடு உடனே காணாமல் போகும். பச்சைக் கோடு சற்று யோசித்துவிட்டுக் காணாமல் போகும். வெயிலில் இரண்டுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். வாடிக்கையாளர் கண்ணைச் சுருக்கிச் சுவரைத் தடவிப் பார்ப்பதையும், என் ஆள் பக்கத்தில் நின்று கனிவாக ஏதோ சொல்வதையும் கல்லாவில் உட்கார்ந்தபடி நான் பார்ப்பேன். மேலே ஃபேன் சுற்றும். அதுவும் என்னைப்போலக் காற்று வராமல் சுற்றும்.

ஓமலூரிலிருந்து டைல்ஸ் ஒட்டுகிறவர் ஒருவர் வந்தார். பச்சைதான் வேண்டும் என்று முடிவோடு வந்தவர், பணத்தைக் கையிலேயே பிடித்திருந்தார். நான் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்துவிட்டேன்.

“எங்க வெச்சு வேலை செய்வீங்க?” என்று கேட்டார் என் ஆள்.

“ஊட்டுக்குள்ளதானுங்க. பாத்ரூம், சமையல்கட்டு, ஹாலு.”

“அப்ப பச்சை எதுக்குங்க? நாலு செவுத்துக்குள்ள செவப்பே தெளிவாத் தெரியும். ரெண்டும் ஒரே சமந்தான் காட்டும், பச்சைன்னு கூடுதலாக் காட்டாது. அதுக்கு நோவு என்னன்னா, பேட்டரியக் கரும்பாட்டம் தின்னும். புது ஊட்டுல கரண்ட் கனெக்சன் வந்திருக்காது, எங்க போயி சார்ஜ் போடுவீங்க?”

நான் ஓமலூர்க்காரர் முதுகுக்குப் பின்னாலிருந்து என் ஆளுக்குப் புருவத்தால், உதட்டால் சாடை காட்டினேன், கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டும் பார்த்தேன். ஓமலூர்க்காரர் திரும்பி என்னையே பார்த்தார். “அண்ணனுக்கு மேலுக்கு சொகமில்லையாட்ட இருக்குதுங்க” என்றார். பிறகு சிவப்பை வாங்கிக்கொண்டு போனார்.

எங்கிருந்து வந்தது இந்தக் குணம் என்று ஒருநாள் கேட்டேன். ரிக் வண்டியில் போன இடத்தில் எவனாவது ஏமாற்றியிருப்பான், ஒரு கதை வரும் என்று சாய்ந்து உட்கார்ந்தேன்.

“எங்கப்பனும் இப்படித்தானுங்க” என்றார். கதை முடிந்தது.

அவர் மகளைப் பெண் பார்க்க ஆட்டையாம்பட்டியிலிருந்து வந்தார்கள். நானும் போயிருந்தேன். பஜ்ஜி தட்டு கைக்கு வந்து சேர்வதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். “புள்ளைக்குக் கோவம் சுருக்குனு வரும். காலைல எந்திரிக்க வெக்கறது பெரும்பாடு. கொழம்பு நல்லா வெப்பா, ரசம் வராதுங்க.” கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அவர் மனைவி எதையோ ஓங்குகிற சத்தம் என்று இன்றும் நினைக்கிறேன். மாப்பிள்ளையின் அம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு, “அப்ப எங்க பையனோட நோவையும் சொல்லிப்புடறமுங்க” என்று சிரித்தார். சாயங்காலம் வரைக்கும் இரண்டு குடும்பமும் மாற்றி மாற்றிக் குறை சொல்லிக்கொண்டார்கள். இதைவிட மனம்விட்டுப் பேசிய சம்பந்திகளை நான் பார்த்ததில்லை. கல்யாணம் நடந்தது.

அடுத்த நாள் கடையில் கேட்டேன். “ஏனுங்கண்ணா, பொண்ணோட நோவச் சொல்லியும் கல்யாணம் முடிஞ்சுருது. என் லேசர் நோவச் சொன்னா மட்டும் ஒண்ணும் நகர மாட்டேங்குதே?”

“லேசருக்கு வேற கடை இருக்குதுங்களே” என்றார்.

இருந்தது. கடைகூட வேண்டாம், எல்லார் கையிலும் போன் இருந்தது. எங்கள் கடைக்கு வந்து அவரிடம் எல்லா நோவையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, மெஷினைப் போட்டோ எடுத்துக்கொண்டு, வாசலில் நின்றே போனில் ஆர்டர் போட்டார்கள். போட்டுவிட்டுத் திரும்பி வந்து அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. நான் கூடவே உட்கார்ந்திருப்பதால் எனக்கும் ஒரு வணக்கம் கிடைக்கும்.

கடையின் தலையெழுத்தை மாற்றியிருக்கக்கூடிய ஒரே ஆள் கோழிப் பண்ணை கட்டிக்கொடுக்கிற ஒப்பந்தக்காரர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைக் கார். கூண்டு மாட்டுவது, தண்ணீர் பைப் இழுப்பது எல்லாம் அவர் ஆட்கள்தான். கோழிக்குத் தண்ணீர் போகிற பைப் ஷெட்டின் நீளத்துக்கும் ஒரே மட்டத்தில் போக வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் தொய்ந்தாலோ தூக்கினாலோ காற்று அடைத்துக்கொண்டு கடைசியில் இருக்கிற கோழிகளுக்குச் சொட்டுக்கூட வராது. சித்திரை வெயிலில் அப்படி ஆனால் பொழுது சாய்வதற்குள் அள்ளிக் குழியில் போட வேண்டியதுதான். அதனால் தன் எல்லா செட்டு ஆட்களுக்கும் பச்சை லேசர் எடுக்க வந்திருந்தார். பின்னறையில் பாதி காலியாகிவிடும். அந்த வருடம் வாடகை கட்டி ரோட்டுக் கடையை விடாமல் வைத்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

என் ஆளைப் பார்த்தேன். “அண்ணா, நீங்க போயி டீ குடிச்சுட்டு வாங்க.”

“இப்பத்தானுங்க குடிச்சேன்.”

“இன்னொண்ணு குடிங்க.”

போனார். நான் ஷட்டரை இறக்கி, லைட்டை அணைத்து, பச்சையை எரியவிட்டேன். ஒப்பந்தக்காரர், “அடேயப்பா” என்றார். அந்த ‘அடேயப்பா’வின் கடைசி எழுத்து முடிவதற்குள் ஷட்டர் மேலே போனது. அவ்வளவு சூடான டீயை ஒரு மனிதன் எப்படி அவ்வளவு சீக்கிரம் குடித்தார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

வெள்ளைச் சட்டை வெயிலில் ரோட்டைக் கடந்து போனதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போகப் போக அதுவும் ஒரு கோடுபோல வெளுத்துத் தெரிந்தது. திரும்பி வந்தபோது ஒப்பந்தக்காரர் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“உங்க ஷெட்டு ரெண்டு பக்கமும் தொறந்து கெடக்குது. வேலை பகல்ல. பச்சையே ஆனாலும் அங்க கண்ணு புடிக்காதுங்க. ரிசீவர் வேணும்” என்றார் என் ஆள். கோடு மேலே பட்டதும் சத்தம் கொடுக்கிற சின்னப் பெட்டி அது. “ரிசீவர் வந்துட்டா, கோட்டத் தேடறது அதுதான். உங்க கண்ணு பாக்காத கோடு பச்சையா இருந்தா என்ன, செவப்பா இருந்தா என்னங்க? ரிசீவரோட வர்ற செவப்பு ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. ஒரு ஷெட்டுல போட்டுப் பாருங்க. ஒத்து வந்தா மத்ததுக்கு அப்பறம் வாங்க.”

ஒப்பந்தக்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏனுங்க, இவரு உங்க ஆளா, எதுத்த கடைக்கார ஆளா?”

“எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்குதுங்க” என்றேன்.

ஒன்றே ஒன்று, சிவப்பு, ரிசீவரோடு எடுத்துக்கொண்டு போனார். மற்றதற்கு வரவில்லை. வேறு எங்கோ எல்லாருக்கும் பச்சையே எடுத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். “பசங்க பச்சைதான் வேணும்ங்கறானுங்க, என்னங்க பண்றது” என்று அவரே ஒருமுறை வழியில் பார்த்தபோது சொன்னார். ரிசீவர் வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை. என் ஆள் கேட்டார்.

ஒப்பந்தக்காரர் ஒன்றே ஒன்று வாங்கிப்போன அன்று சாயங்காலம் நான் கொஞ்சம் கத்தினேன். “நாளைக்கு முழுக்க நீங்க வாயத் தொறக்கக் கூடாதுங்ண்ணா. எந்த நோவும் வேண்டாம்.” அவர் தலையாட்டினார். மறுநாள் சொன்ன சொல் தவறவில்லை. ஒருவர் வந்து கட்டிங் மெஷினை எடுத்து, “நல்லா உழைக்குமுங்களா?” என்று கேட்டார். என் ஆள் அந்த மெஷினைப் பார்த்தார். பிறகு அந்த மனிதரைப் பார்த்தார். பிறகு வாசலுக்கு வெளியே வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். கேட்டவர் மெஷினை இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்துவிட்டு நழுவினார். மத்தியானத்துக்குள் நானே, “பேசித் தொலைங்கண்ணா” என்று சொல்லிவிட்டேன்.

அவரை ஏன் வேலையைவிட்டு நிறுத்தவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன்: முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல எனக்கு வராது. அது பாதிதான். மீதி என்னவென்றால், அந்தக் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து நானே எனக்குச் சொல்லிக்கொண்ட பொய்களைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்திருந்தது. அடுத்த மாதம் வியாபாரம் பிடிக்கும், ஐப்பசியில் பிடிக்கும், ரோடு அகலமானதும் பிடிக்கும் என்று. காதுக்கு ஓர் ஆறுதலாக அவர் ஒருவர் தேவைப்பட்டார்.

எதுவும் பிடிக்கவில்லை. ரோட்டுக் கடையை விட்டுவிடுவது என்று முடிவானது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இடம் பார்த்தேன். முன்பு எண்ணெய் டின் அடுக்கி வைத்திருந்த கிடங்கு. அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

“நாளைக்கு மத்தியானம் போயிப் பாக்கலாமுங்கண்ணா. உங்க வழக்கப்படி உச்சி வெயில்லயே பாத்துப்புடலாம்” என்றேன். சந்து வழியாக நடக்கும்போதே, அவர் என்னென்ன சொல்வார் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேலி தயாராக வைத்திருந்தேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டால் வலி குறையும் என்பது என் பழைய ஏற்பாடு.

உள்ளே போனோம். ராக்கு மாட்ட மட்டம் குறிக்க வேண்டும் என்று இரண்டு லேசரையும் அவர் தூக்கி வந்திருந்தார். முதலில் சிவப்பைத் தரையில் வைத்து எரியவிட்டார். கோடு சுவரைச் சுற்றி நெருப்புக் கம்பிபோல ஓடியது. வெளியே உச்சி வெயில், உள்ளே லைட்டை அணைக்கவும் இல்லை, ஷட்டரை இறக்கவும் இல்லை. சிவப்பே அப்படித் தெரிந்தது. நான் இத்தனை நாள் பாடுபட்டு உண்டாக்கிய இருட்டு இந்தக் கடையில் இலவசமாக இருந்தது. பச்சைக்கு இங்கே வேலையே இல்லை.

அவர் கோட்டின் கூடவே நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். வாசலண்டை கோட்டுக்கும் தரைக்கும் ஒரு சாண். பின்சுவரில் முழங்கால் உயரம். தரை முழுக்கப் பின்னால் பார்த்துச் சரிந்து கிடந்தது. மழை பெய்தால் சந்துத் தண்ணீர் எங்கே வந்து நிற்கும் என்று சுவரில் பழுப்பாக ஒரு கறையும் இருந்தது. இதையெல்லாம் அட்வான்ஸ் கொடுத்த அன்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம்.

பின்சுவரின் முன்னால் அவர் நின்றார். குனிந்து அந்தக் கறையை விரலால் தொட்டார். விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

“சொல்லுங்கண்ணா, என்ன நோவு?” என்றேன்.

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். இதற்கு முன்னால் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார், இப்படி இல்லை. போய் லேசரை அணைத்தார். கொண்டுபோகும்போது உள்ளே ஆடாமலிருக்க அதன் பூட்டை நகர்த்திவிட்டு, பெட்டியில் வைத்து மூடினார். சுவரில் கோடு இல்லை. தரை மறுபடி சமமாக இருப்பதுபோலத் தெரிந்தது.

“நோவெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லா இருக்குது.”

“எதுவுமே இல்லீங்களா?”

“இல்லீங்க சாமி. நல்ல எடம்.”

அத்தனை வருடத்தில் என்னை அவர் சாமி என்று கூப்பிட்டது அன்றுதான். தயாராக வைத்திருந்த கேலியெல்லாம் எனக்குள் அப்படியே கிடந்தது. வைத்தியர் பத்தியத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்தும்போதுதான் நோயாளிக்குப் பயம் வரும். எனக்கு அந்தப் பயம் வந்தது.

“வாங்க, டீ குடிக்கலாமுங்க” என்று அவர்தான் கூட்டிப்போனார். சந்து முனையில் ஒரு டீக்கடை. எங்களைத் தவிர ஆள் இல்லை. டீ வாயில் வைக்க முடியவில்லை. அவர் நிதானமாகக் குடித்து முடித்து, கிளாஸை வைத்தார்.

“டீ நல்லா இருக்குதுங்க” என்றார்.

“அண்ணா, டீயவாச்சும் திட்டுங்கண்ணா” என்றேன்.

அவர் காலி கிளாஸை எடுத்து உள்ளே பார்த்தார். பிறகு டீக்கடைக்காரருக்குக் கேட்காதபடி மெதுவாக ஆரம்பித்தார். “தண்ணிப் பாலுங்க. தூளும் பழசு. அதுகூடப் போகட்டும். இந்தச் சந்துக்குள்ள டீ குடிக்கறக்கு யாருங்க வருவா? ரோட்டுல இருந்து பாத்தா இங்க ஒரு கடை இருக்கறதே தெரியாது. பகல்லயே இருட்டு. மழை வந்தா அடுப்புக்குள்ள தண்ணி போயிரும். பாவமுங்க, யாரு பேச்சக் கேட்டு இங்க வந்து போட்டாரோ.”

நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். டீக்கடையைப் பற்றி அவர் வெகுநேரம் சொன்னார். நான் இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தேன்.